அளந்து ஓட்டுவோம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. நம் ஊர்களில் அரிசியைப் படியால் அளந்தார்கள். எண்ணெயை உழக்கால் அளந்தார்கள். விளக்கின் திரியைக்கூடத் தேவைக்கு மேல் தூண்டமாட்டார்கள். அந்த மரபில் வந்த நாம், பிழைப்பை நாடி வடக்கே வந்து குடியேறிய பிறகு, ஒரே ஒரு பொருளை மட்டும் அளக்காமல் வாங்கப் பழகிவிட்டோம். பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, "ஐந்நூறு ரூபாய்க்குப் போடு" என்கிறோம். எத்தனை லிட்டர் விழுந்தது, அது எத்தனை நாள் வந்தது, எந்தக் காரியத்துக்குச் செலவாயிற்று என்று கணக்குப் பார்ப்பவர் நம்மில் சிலரே. பணத்தை எண்ணுகிறோம், எரிபொருளை எண்ணுவதில்லை.

இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களுக்கு இது சற்று வியப்பாகவே இருக்கிறது. இரயில்வேயில் எரிபொருளை அளக்காமல் ஒரு நாளும் கழிவதில்லை. டீசல் எஞ்சின் ஓடும் பாதைகளில், ஆயிரம் டன் பாரத்தை ஒரு கிலோமீட்டர் இழுக்க எத்தனை லிட்டர் செலவாயிற்று என்று பார்ப்பார்கள். எஞ்சின் எத்தனை லிட்டர் குடித்தது என்பது பாதிக் கேள்விதான். அந்த லிட்டருக்கு எவ்வளவு வேலை நடந்தது என்பதே முழுக் கேள்வி. தேர்ந்த ஓட்டுநர், நிலையம் நெருங்கும்போது விசையைத் தளர்த்தி, வண்டியைத் தன் வேகத்திலேயே உருளவிட்டுக் கடைசியில்தான் பிரேக்கைத் தொடுவார். பம்பாயில் 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நம் நாட்டின் முதல் மின்சார இரயில் ஓடிற்று. நூறாண்டு கழிந்த இன்று அகலப் பாதைகளில் ஏறக்குறைய முழுவதும் மின்சாரமயமாகிவிட்டது. இக்காலத்து மின்சார எஞ்சின்கள் பிரேக் போடும்போது மின்சாரத்தை உற்பத்தி செய்து கம்பிக்கே திருப்பித் தருகின்றன. இத்தனையும் எதற்காக? வீணாவதைக் குறைப்பதற்காக. ஓர் இரயிலுக்குத் தகும் நெறி ஒரு வீட்டு வண்டிக்கும் தகும் அல்லவா?

நாங்கள் தில்லியில் யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹாரில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். தில்லியின் காற்றைப் பற்றி இங்குள்ள நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று அலுத்துக்கொள்வது நியாயமாகாது. 1985இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1998ஆம் ஆண்டு ஜூலை மாதம் உத்தரவிட்டதன் பயனாக, தில்லியின் பொதுப் பேருந்துகள் யாவும் 2002ஆம் ஆண்டு முடிவதற்குள் டீசலை விட்டு சி.என்.ஜி. என்னும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி மெட்ரோ இரயிலின் முதல் பகுதி திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. பெட்ரோலிலும் டீசலிலும் உள்ள கந்தகத்தை, பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்த பி.எஸ். 6 எரிபொருள், 2018 ஏப்ரலில் தில்லிக்கும் 2020 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வளவு நடந்தும் கார்த்திகை, மார்கழியில் வானம் ஏன் சாம்பல் பூசிக்கொள்கிறது? குளிர்காலத்தில் காற்று அசைவதில்லை. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழும்பாமல் மூடியிட்டாற்போல் நிற்கிறது. அண்டை மாநிலங்களின் வயல் தீ, செங்கற்சூளை, குப்பை எரிப்பு, கட்டட வேலைத் தூசு எல்லாம் அதற்குள் அடைபடுகின்றன. இவற்றோடு வாகனங்களும் சேர்கின்றன. கான்பூர் ஐ.ஐ.டி. அறிஞர்கள் 2016இல் அளித்த அறிக்கையில், தில்லியில் உண்டாகும் பி.எம். 2.5 என்னும் நுண்துகளில் சுமார் 20 சதவீதம் வாகனப் புகை என்றும், 38 சதவீதம் சாலைத் தூசு என்றும் கணக்கிட்டார்கள். அந்தத் தூசைக் கிளப்பி விடுவதும் பெரும்பாலும் வண்டிகளின் சக்கரங்களே. ஆகவே வாகனம் மட்டும் காரணமன்று; ஆனால் பஞ்சாபின் வயல் தீயை அணைக்க நம்மால் இயலாது, நம் வீட்டு வண்டியின் சாவி நம் கையில்தான் இருக்கிறது.

எங்களுக்கு இந்த விஷயம் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. எங்கள் தாயார் மாயவரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, தந்தையார் காலமான பின் எங்களிடம் வந்து சேர்ந்தார். முதல் குளிர்காலத்திலேயே மூச்சு இழுக்கத் தொடங்கிற்று. இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். "என்னை ஊரிலேயே கொண்டு விட்டுவிடு, தம்பி. அங்கே காற்றாவது காசில்லாமல் கிடைக்கும்" என்பார். அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள யாரிருக்கிறார்கள்? வீடே பூட்டிக் கிடக்கிறது. வேலை தேடி வெளியூர் வந்த எத்தனையோ குடும்பங்களில் இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேனும் ஒரு கார் வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. குர்காவில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் மைத்துனர் உடனே ஒரு யோசனை சொன்னார்: "மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்தவரிடம் ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி ஒன்று விலைக்கு இருக்கிறது. எட்டு வருஷந்தான் ஆகிறது; பாதி விலைக்கும் குறைவு. நாலு பேர் வந்து போகும் வீட்டுக்குக் கௌரவமாக இருக்கும்." அவர் அன்பினால் சொன்னதில் ஐயமில்லை. ஆயினும் குமாஸ்தா வீட்டில் எதையும் ஏட்டில் எழுதிப் பார்க்காமல் முடிவு செய்வதில்லை. ஒரு மாதம் முழுவதும், வீட்டில் யார் எங்கே எவ்வளவு தூரம் போகிறோம் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தோம்.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது விஷயம் தெளிவாயிற்று. அலுவலகத்திற்குப் போய் வர மெட்ரோ இருக்கிறது. அதற்குக் கார் வேண்டியதில்லை. வீட்டம்மாள் கற்பிக்கும் பள்ளியும் எங்கள் பெண் படிக்கும் பள்ளியும் ஒன்றே. ஆறு கிலோமீட்டர் தூரம். நேர் பஸ் கிடையாது. மாதத்தில் இருபத்து நான்கு நாள். ஆக 288 கிலோமீட்டர். தாயாருக்கு மருத்துவமனை இருமுறை, 36. வாரச் சந்தைக்கு 24. இராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயிலுக்கு மாதம் இருமுறை, 80. மொத்தம் 428 கிலோமீட்டர். எல்லாம் நகருக்குள்ளேயே, எதிலும் நால்வருக்கு மேல் பிரயாணம் இல்லை. ஊருக்குப் போகும் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு இரயிலும் பாஸும் இருக்கின்றன. ஏழு பேர் உட்காரும் வண்டியில் மூன்று இருக்கைகள் ஆண்டு முழுவதும் காலியாகவே தில்லியைச் சுற்றி வரும். அவற்றின் பாரத்தை இழுக்கும் டீசலுக்கு நாங்கள் பணம் கட்ட வேண்டும்.

வேறு காரணங்களும் இருந்தன. அந்த வண்டி பி.எஸ். 4 வகை. காற்று மிகவும் கெட்டுப்போகும் நாட்களில் பி.எஸ். 3 பெட்ரோல் கார்களையும் பி.எஸ். 4 டீசல் கார்களையும் சாலைக்கு வராமல் நிறுத்தும் ஏற்பாடு தில்லியில் உண்டு. தாயாருக்கு மூச்சு இழுக்கும் அதே நாட்களில் அவரை ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டி வாசலிலேயே நின்றுவிடும். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளைத் தலைநகர்ப் பகுதியில் ஓட்டலாகாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்ததையும், 2018இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்ததையும், 2025இல் அது பற்றி மீண்டும் வழக்கு நடந்ததையும் பத்திரிகை வாசிப்போர் அறிவர். நீதிமன்றத்தின் அடுத்த உத்தரவை எதிர்பார்த்து ஒரு குடும்பம் வண்டி வாங்குவது விவேகமன்று. புதிய பி.எஸ். 6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. ஆனால் அது நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால்தான் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆறு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளக்கூடும்.

பிறகு எதை வாங்குவது? இங்கேதான் நம்மில் பலர், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே கேள்வியோடு கடைக்குப் போகிறோம். விளம்பரத்தில் காணும் எண், பரிசோதனைக் கூடத்தில் உருளைகளின்மேல் வண்டியை ஓட்டி, வகுத்த முறைப்படி கண்டது. அங்கே நெரிசல் இல்லை; மேடு பள்ளம் இல்லை. ஆகையால் அந்த எண்ணை வண்டிக்கு வண்டி ஒப்பிடப் பயன்படுத்தலாமே தவிர, நம் தெருவிலும் அப்படியே கிடைக்கும் என்று நம்பலாகாது.

இன்னொரு கணக்கையும் அன்பர்கள் கவனிக்க வேண்டும். மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருமானால் 60 லிட்டர் வேண்டும். 15 தரும் வண்டிக்கு மாறினால் 40 லிட்டர் போதும். மிச்சம் 20 லிட்டர். 20 தரும் வண்டிக்கு 30 லிட்டர். அதிலிருந்து 25 தரும் வண்டிக்கு மாறினால் 24 லிட்டர். மிச்சம் 6 லிட்டர்தான். இரண்டு மாற்றங்களிலும் உயர்வு ஐந்தே. பலனோ மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. ஆகவே அதிகம் குடிக்கும் பழைய பெரிய வண்டியை மாற்றுவதில்தான் வீட்டுக்கும் ஊருக்கும் பெரிய லாபம் இருக்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, மாதத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பதே நேரான கேள்வி.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்கு அருகில் இருக்கும். அது எரிந்து முடியும்போது வெளிவரும் கரியமிலவாயுவின் எடை சுமார் 2.3 கிலோ. பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்வதால் இப்படிப் பெருகுகிறது. டீசலில் இது லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. வாங்கியதைவிட மூன்று மடங்கு எடையை நாம் வானத்தில் கொட்டிவிட்டு வருகிறோம் என்று எங்கள் பெண்ணிடம் சொன்னபோது, அவள் நம்பாமல் தன் அறிவியல் ஆசிரியையைக் கேட்டு வந்தாள்!

மின்சார வண்டி நல்லதுதான். தெருவில் புகை விடுவதில்லை. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்றாலும், அந்தப் புகைபோக்கி நம் ஜன்னலுக்கடியில் இல்லை. மின்சார மோட்டாரும் பெட்ரோல் எஞ்சினைவிடச் சக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது. சொந்த வீடும் வாசலில் மின் இணைப்பும் உடையவர்கள் அதை முதலில் யோசிக்கலாம். மாடியில் வாடகைக்கு இருக்கும் எங்களுக்குக் கீழே சார்ஜ் செய்ய இடமில்லை. தனியாக ஒருவர் போய் வரும் வீடுகளுக்கு, பாட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துச் செல்லக்கூடிய மின்சார ஸ்கூட்டர் பொருந்தும். எங்கள் முடிவு என்னவெனில், மூன்றாண்டு ஓடிய சிறிய பி.எஸ். 6 கார், தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பொருத்தப்பட்டது. எரிவாயுக் கலம் பின்புறத்தில் பெட்டி வைக்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். எரிவாயு நிலையத்தில் வரிசையில் நிற்கவும் வேண்டியிருக்கும். இவ்விரண்டு அசௌகரியங்களையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். மைத்துனர் வந்து பார்த்துவிட்டு, "தீப்பெட்டி மாதிரி இருக்கிறதே, மாப்பிள்ளை!" என்றார். தாயார், "எனக்கு ஏறி இறங்கச் சுலபமாக இருக்கிறது" என்று சொன்னதும் பேச்சு நின்றது.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை; ஓட்டும் முறையில் பாதி இருக்கிறது. முதல் மாதக் கணக்கில் கிலோவுக்கு 21 கிலோமீட்டர் வந்தது. பிறகு, பதினைந்து நாளுக்கொரு முறை டயர்க் காற்றைச் சரிபார்த்தோம். பின்னிருக்கையில் கிடந்த மூட்டை முடிச்சுகளை இறக்கினோம். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும், இரயில் ஓட்டுநரைப்போல் முன்கூட்டியே விசையைத் தளர்த்தினோம். கிளம்பும்போது உறுமிப் பாய்வதை விட்டோம். விளக்கருகே அரை நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டுமென்று தெரிந்தால் எஞ்சினை அணைத்தோம். தில்லி அரசு 2020 அக்டோபரில் இதற்கென்றே ஓர் இயக்கம் தொடங்கியது அன்பர்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் மாதம் கணக்கு 24 கிலோமீட்டராயிற்று. மாதம் இருபதரைக் கிலோ வேண்டியிருந்த இடத்தில் பதினெட்டுக் கிலோ போதுமானதாயிற்று. எந்தப் புதுக் கருவியும் வாங்கவில்லை.

மிகக் குறுகிய பயணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகையைச் சுத்தம் செய்வதற்காக வண்டியில் வைத்திருக்கும் கருவி நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் முதல் ஓரிரண்டு கிலோமீட்டரில் வெளிவரும் புகையே அதிகக் கேடு. எனவே பால் வாங்கவும் கறிவேப்பிலை வாங்கவும் முக்கால் கிலோமீட்டர் காரில் போவது, தூரத்தில் சிறிதாயினும் தீமையில் சிறிதன்று. கால் இருக்கிறது, பெண்ணின் சைக்கிள் இருக்கிறது.

இனி, எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவர் தாயாரைப் பரிசோதித்துவிட்டு மருந்தோடு ஒரு கேள்வியும் கேட்டார்: "இவர் பகலில் எங்கே உட்காருகிறார்? ஜன்னல் எந்தப் பக்கம்?" வீட்டுக்கு வந்து பார்த்தோம். தாயார் வெயிலுக்காக முதல் மாடித் தாழ்வாரத்தில் உட்காருவார். அதற்கு நேர் கீழே வண்டிகள் நிற்குமிடம். காலை ஏழு மணிக்கு மூன்று நான்கு வண்டிகள், எஞ்சின் சூடேற வேண்டுமென்று பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். அந்தப் புகை வேறெங்கும் போகவில்லை. நேரே மேலேறி அவர் மடியில் வந்து விழுந்தது. இக்காலத்து எஞ்சின்களை அப்படிச் சூடேற்ற வேண்டியதில்லை. சில விநாடி கழித்து மெதுவாக ஓட்டத் தொடங்கினால் போதும். அதை எப்படிச் சொல்வது, அண்டை வீட்டார் தவறாக எண்ணுவார்களோ என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம்.

தாயார் யோசிக்கவில்லை. ஒருநாள் காலை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மெல்லக் கீழே இறங்கிப் போனார். வண்டியைக் கிளப்பிவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பஞ்சாபி இளைஞனிடம், தன் மார்பைத் தொட்டுக் காட்டி, தனக்குத் தெரிந்த மூன்றே ஹிந்திச் சொற்களில், "பேட்டா, காடி பந்த்" என்றார். அவன் திகைத்தான், பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, குனிந்து அவர் காலைத் தொட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தில் அவனே பேசினான். நிற்குமிடத்தில் எஞ்சினை ஓடவிடலாகாது என்று ஹிந்தியில் ஒரு பலகை மாட்டப்பட்டது. ஒன்பது தமிழ் வீடுகள் இருப்பதால் அதனடியில் தமிழிலும் எழுதவேண்டுமென்று தாயார் கேட்டுக்கொண்டார், எழுதினார்கள்.

இதனால் தில்லிக் காற்று திருந்திவிட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5 துகளுக்கு வகுத்த ஆண்டுச் சராசரி அளவு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு விதி 40 வரை அனுமதிக்கிறது. தில்லி இதையும் தாண்டி நிற்கிறது. தாயார் இன்னமும் மருந்து உட்கொள்கிறார். மிகவும் கெட்ட நாட்களில் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறார். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் பெரும்பாலான இரவுகள் படுத்து உறங்கினார். ஊருக்குக் கொண்டு விடும் பேச்சை எடுக்கவில்லை. அதற்கு மருந்து எவ்வளவு காரணம், பலகை எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்லும் கணக்கு எங்களிடம் இல்லை.

நம் சங்கத்துக் குடும்பங்கள் செய்யக்கூடியவை பல உண்டு. மலைக்கோயிலுக்குச் சஷ்டிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஒரே குடியிருப்பிலிருந்து ஐந்து கார்களில் ஐந்து குடும்பமாகப் போவதைவிட, இரண்டு கார்களில் சேர்ந்து போகலாம். வழியெல்லாம் தமிழும் பேசலாம். புகைப் பரிசோதனைச் சான்றிதழை உரிய காலத்தில் எடுக்க வேண்டும். வண்டியைக் கொண்டுபோகாமலே யாரிடமோ சொல்லிக் காகிதத்தை மட்டும் வாங்கி வருவது, வைத்தியரைப் பாராமல் சுகச் சான்றிதழ் வாங்குவதை ஒக்கும். புது வண்டி வாங்க நினைப்போர், அதற்குமுன் ஒரு மாதம் தங்கள் பயணங்களை எழுதிப் பார்த்துவிட்டு, ஆண்டுக்கொரு முறை வரும் விருந்தினருக்காக அல்லாமல் அன்றாடம் போகும் வழிக்காக வாங்கட்டும். காரே வேண்டியதில்லை என்று சில வீடுகளின் கணக்கு சொல்லக்கூடும். அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, போன இடம், தூரம், போட்ட லிட்டர் அல்லது கிலோ என நான்கு பத்தி கிழித்துக்கொள்ளலாம். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் பெரியவர்கள் ஏமாற்ற முடியாது. பொங்கல் கூட்டத்துக்கு வரும்போது அன்பர்கள் தத்தம் புத்தகத்தைக் கொண்டு வருவார்களானால், யார் வீட்டில் எவ்வளவு குறைந்தது, எப்படிக் குறைந்தது என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.